ரிப்போர்ட் புரொடக்‌ஷனில், எண்கள் டெஸ்டிலிருந்து: எஸ்எஸ்ஆர்எஸ் டெப்ளாயில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டெப்ளாய், அதாவது ரிப்போர்ட்டை சர்வரில் ஏற்றுவது, தோற்றுப்போனால் கவலை இல்லை. பிழைச் செய்தி வரும், பார்த்துச் சரிசெய்துவிடலாம். எந்தப் பிழையும் காட்டாமல் டெப்ளாய் ஆகி, வேறொரு டேட்டாபேஸைப் படித்துக்கொண்டிருக்கும் ரிப்போர்ட்தான் ஆபத்து. எஸ்எஸ்ஆர்எஸ்ஸுக்கு (மைக்ரோசாஃப்ட்டின் எஸ்கியூஎல் சர்வர் ரிப்போர்ட்டிங் சர்வீசஸ்) புதிதாக வருகிறவர்கள் இதே பள்ளத்தில் திரும்பத் திரும்ப விழுகிறார்கள். சர்வர் பெயரில் எழுத்துப்பிழை, பில்ட் செய்ய மறந்தது போன்றவை தாமே காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் இங்கே அவற்றை எடுக்கவில்லை.

ஓவர்ரைட் டேட்டாசோர்சஸை ட்ரூ ஆக்குவது

விஷுவல் ஸ்டூடியோ புராஜெக்ட்டில் டீபக், டீபக்லோக்கல், ரிலீஸ் என்று மூன்று கான்ஃபிகரேஷன்கள் தயாராக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனி டார்கெட் சர்வர் யூஆர்எல், தனி ஃபோல்டர் கொடுக்கலாம். ரிலீஸைத் தேர்ந்தெடுத்தால் கனெக்‌ஷன் ஸ்ட்ரிங்கும் (எந்த டேட்டாபேஸ் என்று சொல்லும் வரி) கூடவே மாறிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். மாறாது. எந்த ரிப்போர்ட் சர்வருக்கு அனுப்புவது என்பதைத்தான் கான்ஃபிகரேஷன் சொல்கிறது. எந்த டேட்டாபேஸைப் படிப்பது என்பது ஆர்டிஎஸ் கோப்பில், அதாவது புராஜெக்ட்டின் டேட்டா சோர்ஸ் கோப்பில் இருக்கிறது. அந்தக் கோப்பு மூன்றுக்கும் ஒன்றுதான், அதில் இருப்பது பெரும்பாலும் டெவலப்மென்ட் சர்வரின் பெயர்.

ஓவர்ரைட் டேட்டாசோர்சஸ் இயல்பாக ஃபால்ஸ். அதாவது சர்வரில் அதே பெயரில் டேட்டா சோர்ஸ் ஏற்கெனவே இருந்தால் அதைத் தொடாது. கவனிக்க வேண்டிய இடம் "ஏற்கெனவே இருந்தால்" என்பது. முதல் முறை டெப்ளாய் செய்யும்போது அங்கே எதுவும் இருக்காது. ஃபால்ஸ் என்று இருந்தாலும் டெவலப்மென்ட் கனெக்‌ஷனோடு புதிதாக ஒன்று உருவாகிவிடும். யாராவது ரிப்போர்ட் சர்வரின் வெப் போர்ட்டலில் போய் அதைக் கையால் திருத்தி, புரொடக்‌ஷன் சர்வர் பெயரையும் சேமித்துவைக்கும் யூசர் பெயர், பாஸ்வேர்டையும் போடுகிறார்கள். பல மாதம் எல்லாம் ஒழுங்காக ஓடும்.

பிறகு ஒரு நாள் டெவலப்பர் ஒருவர் டெஸ்ட் டேட்டாபேஸின் பெயரை ஆர்டிஎஸ் கோப்பில் மாற்றுகிறார். டெப்ளாய் செய்தும் டெஸ்ட் சர்வரில் மாற்றம் தெரியவில்லை. தேடிப் பார்த்து, எல்லா கான்ஃபிகரேஷனுக்கும் சேர்த்து அந்த செட்டிங்கை ட்ரூ ஆக்குகிறார். வேலை முடிகிறது, ட்ரூ அப்படியே தங்கிவிடுகிறது. அடுத்த ரிலீஸில் புரொடக்‌ஷன் டேட்டா சோர்ஸ் சத்தமில்லாமல் அழிந்து, அந்த இடத்தில் டெஸ்ட் கனெக்‌ஷன் உட்கார்ந்துகொள்கிறது.

ஏன் யாருக்கும் தெரிவதில்லை? டெஸ்ட் டேட்டாபேஸ் என்பது பெரும்பாலும் புரொடக்‌ஷன் பேக்கப்பை ரீஸ்டோர் செய்ததுதான். வாடிக்கையாளர் பெயர்கள் அதே, கிளைகள் அதே, போன மாதம் வரை தொகைகளும் அதே. கடைசிச் சில வாரங்கள் மட்டும் இருக்காது. மொத்தத் தொகை கொஞ்சம் குறைவாகத் தெரியும், "இந்த மாதம் விற்பனை மந்தம்" என்று படிப்பவர்கள் எடுத்துக்கொள்வார்கள். அந்த எண்ணை நம்பி முடிவுகளும் எடுத்துவிடுவார்கள். ஒரே ஒரு செட்டிங்கால் இவ்வளவும் நடக்கிறது என்பதுதான் இன்றுவரை எரிச்சல் தருகிறது.

பொதுவாக முதலில் உடைவது சப்ஸ்கிரிப்ஷன், அதாவது ரிப்போர்ட்டைக் குறித்த நேரத்தில் தானாக ஓட்டி அனுப்பும் ஏற்பாடு. ஆர்டிஎஸ் கோப்பில் விண்டோஸ் இன்டகிரேட்டட் என்று இருந்தால், மேலெழுதும்போது சேமித்துவைத்த பாஸ்வேர்டு போய்விடும். ரிப்போர்ட்டைத் திறந்து பார்ப்பவருக்கு அவருடைய சொந்த அக்கவுன்ட்டில் ஓடிவிடலாம். யாரும் உட்கார்ந்திராத அதிகாலை ஐந்து மணிக்கு ஓட வேண்டிய சப்ஸ்கிரிப்ஷனுக்கு அக்கவுன்ட் ஏது? ஆர்எஸ்இன்வேலிட்டேட்டாசோர்ஸ்கிரெடென்ஷியல்செட்டிங் என்ற பிழை வந்தால், பாஸ்வேர்டை மட்டும் மறுபடி போட்டுவிட்டுப் போகாதீர்கள். அதே திரையில் மேலே இருக்கும் சர்வர் பெயரைப் படியுங்கள்.

செய்ய வேண்டியவை. மூன்று சர்வரிலும் ஒரே பெயரில், ஒரே ஃபோல்டர் பாதையில், முதல் டெப்ளாய்க்கு முன்பே டேட்டா சோர்ஸைக் கையால் உருவாக்கிவிடுங்கள். எல்லா கான்ஃபிகரேஷனிலும் ஓவர்ரைட்டை ஃபால்ஸிலேயே வையுங்கள். டெஸ்ட் கனெக்‌ஷன் மாறினால் டெஸ்ட் போர்ட்டலில் மாற்றுங்கள், புராஜெக்ட்டில் வேண்டாம். புரொடக்‌ஷனில் டேட்டா சோர்ஸ் ஃபோல்டருக்கு மட்டும் தனி செக்யூரிட்டி வைத்து, டெவலப்பர்களுக்குப் பார்க்கும் உரிமையை மட்டும் கொடுங்கள். அப்புறம் யார் ட்ரூ என்று வைத்து அனுப்பினாலும் ஆக்சஸ் டினைட் என்று அங்கேயே நின்றுவிடும். இதைவிட உறுதியான காப்பு, புரொடக்‌ஷன் ரிப்போர்ட் சர்வரிலிருந்து டெஸ்ட் டேட்டாபேஸுக்குப் போகும் வழியை ஃபயர்வாலில் அடைத்துவிடுவது.

கடைசியாக ஒரு சின்ன வேலை. @@சர்வர்நேம், டிபி_நேம்() இரண்டையும் எடுக்கும் ஒரு வரி டேட்டாசெட்டை, ரிப்போர்ட் பயன்படுத்தும் அதே டேட்டா சோர்ஸில் சேர்த்து, அடிக்குறிப்பில் சிறிய எழுத்தில் காட்டுங்கள். சிலர் இதற்குப் பதிலாக குளோபல்ஸில் இருக்கும் ரிப்போர்ட்சர்வர்யூஆர்எல்லைப் போடுகிறார்கள். அது காட்டுவது ரிப்போர்ட் சர்வரின் முகவரியை. டேட்டாபேஸ் டெஸ்டில் இருந்தாலும் அது புரொடக்‌ஷன் என்றுதான் சொல்லும்.

டேட்டா சோர்ஸை அழித்துவிட்டு அதே பெயரில் மறுபடி உருவாக்குவது

பெயர் ஒன்றாக இருந்தால் போதும் என்று நினைப்பதால் வரும் தவறு. ரிப்போர்ட் சர்வர் உள்ளே பிடித்துவைத்திருப்பது ஐடியை. அழித்ததும் அதை நம்பியிருந்த எல்லா ரிப்போர்ட்டின் இணைப்பும் அறுந்துபோகும், ஒவ்வொன்றாக மறுபடி இணைக்க வேண்டும். திருத்தம் வேண்டுமானால் இருப்பதையே திறந்து திருத்துங்கள்.

எவை அறுந்திருக்கின்றன என்று பார்க்க, ரிப்போர்ட் சர்வர் தன் விவரங்களை வைத்திருக்கும் ரிப்போர்ட்சர்வர் டேட்டாபேஸில் கேட்டலாக், டேட்டாசோர்ஸ் டேபிள்கள் இரண்டையும் ஐட்டம்ஐடியால் இணைத்து, டைப் 2 ஆகவும் லிங்க் நல் ஆகவும் இருக்கும் வரிசைகளை எடுங்கள். அவை ஒன்று இணைப்பு அறுந்தவை, அல்லது கனெக்‌ஷனைத் தனக்குள்ளேயே வைத்திருப்பவை. இரண்டையுமே சரிசெய்தாக வேண்டும். படிக்க மட்டும் செய்யுங்கள், இந்த டேபிள்களில் அப்டேட் கூடாது.

எம்பெடட் டேட்டா சோர்ஸ்

கனெக்‌ஷனை ஒவ்வொரு ரிப்போர்ட்டுக்குள்ளேயே வைப்பது இது. நாற்பது ரிப்போர்ட் என்றால் நாற்பது இடத்தில் திருத்தம். வேண்டாம்.

பாராமீட்டரின் இயல்பு மதிப்பை மாற்றி, டெப்ளாய் செய்து, அதோடு விட்டுவிடுவது

ரிப்போர்ட் ஒருமுறை சர்வருக்குப் போய்விட்டால் பாராமீட்டரின் இயல்பு மதிப்பை சர்வர் தனியாக வைத்துக்கொள்கிறது. ஆர்டிஎல்லில் (ரிப்போர்ட் கோப்பில்) நீங்கள் மாற்றியது மறு டெப்ளாயில் போய்ச் சேராது. ரிப்போர்ட்டை அழித்துவிட்டு மறுபடி ஏற்றினால் சேரும் என்று சொல்வார்கள். சேரும்தான், ஆனால் அதன் சப்ஸ்கிரிப்ஷன்களும் ஹிஸ்டரி ஸ்னாப்ஷாட்டுகளும் அழிந்துபோகும். போர்ட்டலில் அந்த ரிப்போர்ட்டின் மேனேஜ் பக்கத்தில் பாராமீட்டர்ஸைத் திறந்து மாற்றினால் எதுவும் போகாது.

புரொடக்‌ஷனின் ரிப்போர்ட்சர்வர் டேட்டாபேஸை டெஸ்டில் ரீஸ்டோர் செய்வது

எல்லா ரிப்போர்ட்டும் ஒரே அடியில் வந்துவிடும் என்று செய்கிறார்கள். சப்ஸ்கிரிப்ஷன்களும் புரொடக்‌ஷன் டேட்டா சோர்ஸ்களும் கூடவே வரும். என்கிரிப்ஷன் கீயையும் ரீஸ்டோர் செய்து சர்வீஸை எழுப்பினால், ஷெட்யூல்களுக்கான ஏஜென்ட் ஜாப்களை அதுவே உருவாக்கிவிடும். டெஸ்ட் சர்வரில் மெயில் அமைப்பும் இருந்துவிட்டால் ஒரே ரிப்போர்ட் வாடிக்கையாளருக்கு இரண்டு முறை போகும். சர்வீஸைத் தொடங்கும் முன் எஸ்கியூஎல் சர்வர் ஏஜென்ட்டை நிறுத்துங்கள், எஸ்எம்டிபி அமைப்பைக் காலியாக்குங்கள். பிறகு டேட்டா சோர்ஸ்களை டெஸ்டுக்கு மாற்றுங்கள். அது முடியும்வரை அந்த சர்வரில் யாரும் ரிப்போர்ட் ஓட்டக்கூடாது.

புராஜெக்ட் ஃபோல்டரிலிருந்து ஆர்டிஎல்லைக் கையால் ஏற்றுவது

டார்கெட் சர்வர் வெர்ஷனுக்கு ஏற்ப மாற்றப்பட்ட கோப்பு, பில்டுக்குப் பிறகு 'பின்' (bin) ஃபோல்டரில் இருக்கும். புராஜெக்ட் ஃபோல்டரில் இருப்பது 2016 ஸ்கீமாவில் எழுதப்பட்டிருந்தால் 2014 சர்வர் அதை ஏற்காது.

டார்கெட் சர்வர் யூஆர்எல்லில் /ரிப்போர்ட்ஸ் என்று போடுவது

அது போர்ட்டல். டெப்ளாய்க்கு வேண்டியது /ரிப்போர்ட்சர்வர்.

ஆர்டிஎல் டாட் டேட்டா கோப்பை சோர்ஸ் கன்ட்ரோலில் சேர்ப்பது

பிரிவியூ வேகமாக வர, எடுத்த தரவை விஷுவல் ஸ்டூடியோவே அதில் சேமித்துவைக்கிறது. உள்ளே உண்மையான வரிசைகள் இருக்கும். இக்னோர் பட்டியலில் சேருங்கள். பிரிவியூ பழைய எண்ணையே காட்டினாலும் முதலில் இதை அழித்துப் பாருங்கள்.

ப்ரொசீஜருக்கு முன் ரிப்போர்ட்டை அனுப்புவது

ரிப்போர்ட்டுக்குத் தரவு தரும் ஸ்டோர்டு ப்ரொசீஜரில் புதிய நெடுவரிசை இன்னும் வரவில்லை என்றால் ரிப்போர்ட் நின்றுபோகும் என்று எதிர்பார்க்காதீர்கள். எச்சரிக்கை பதிவாகும், திரையில் அந்த நெடுவரிசை வெறுமையாக இருக்கும். ப்ரொசீஜர் முதலில், ரிப்போர்ட் பிறகு.