ஞாயிறு மதியம் நாலு குடும்பத்தைச் சாப்பிடக் கூப்பிட்டால் எங்கே சொதப்பும்?

பெரும்பாலும் சமையல் தெரியாமல் விருந்து கெடுவதில்லை. பன்னிரண்டு மணிக்கு அழைத்தால் ஒன்றரைக்குத்தான் எல்லோரும் வந்து சேர்வார்கள் என்பதைக் கணக்கில் வைக்காததால் கெடுகிறது. பதினொன்றரைக்கே பிரியாணியை தம் போட்டு இறக்கிவிட்டு, ஆறிப்போகிறதே என்று மறுபடி அடுப்பில் ஏற்றினால் அடி பிடிக்கும், மேலே சோறு காய்ந்துபோகும்.

பதினொரு மணிக்குக் கறி வெந்த மசாலாவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சீரகச் சம்பாவை இருபது நிமிடம் ஊறவைத்து, நீரை வடித்து, மூடி வையுங்கள். முதல் குடும்பம் வாசலில் செருப்பைக் கழற்றும்போது மசாலாவைக் கொதிக்கவிட்டு அரிசி போட்டால் போதும். பத்து நிமிடக் கொதி, அடியில் தோசைக்கல் வைத்துச் சிறு தீயில் பதினைந்து நிமிட தம், அடுப்பை அணைத்தபின் மூடியைத் திறக்காமல் இன்னும் பத்து நிமிடம். கடைசிப் பத்து நிமிடத்தில் ஆர்வக்கோளாறில் கிளறினால் அரிசி உடைந்து குழையும்.

எட்டுப் பெரியவர்கள், நாலு பிள்ளைகளுக்கு 1 கிலோ அரிசி, 1¼ கிலோ ஆட்டுக்கறி தாராளம். வழக்கமாக வீட்டில் செய்யும் அளவை அப்படியே இரண்டு மடங்காக்கி ஐந்து லிட்டர் குக்கரில் திணிக்காதீர்கள். அரிசி சமைக்கும்போது குக்கரைப் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. பத்து லிட்டர் அடிகனமான பாத்திரம் வேண்டும். தண்ணீரும் அதே விகிதத்தில் ஏறாது. பெரிய பாத்திரத்தில் ஆவியாகிப் போவது குறைவு. ஊறிய அரிசிக்கு, ஊறுமுன் அளந்த ஒரு டம்ளருக்கு ஒன்றரை டம்ளர் நீர். இதில்தான் பலர் சறுக்குகிறார்கள்: கறியும் தயிரும் தக்காளியும் விட்ட நீரும் இந்த ஒன்றரைக்குள் அடக்கம். வெந்த கறியைத் தனியே எடுத்துவிட்டுக் குழம்பை அளந்து, குறைவதற்கு மட்டும் வெந்நீர் ஊற்றுங்கள். அரிசி போடுமுன் நாக்கில் வைத்தால் உப்பு கொஞ்சம் தூக்கலாகத் தெரிய வேண்டும்.

கறிக்கடையில் ஞாயிறு ஒன்பது மணிக்கு நிற்பது வீண்வேலை. சனிக்கிழமையே சொல்லிவைத்து ஏழு மணிக்கு வாங்குங்கள். தொடைக்கறியோடு நெஞ்செலும்பும் கலந்து கேளுங்கள்.

அழைக்கும்போதே கவிச்சி சாப்பிடுவார்களா என்று கேட்டுவிடுங்கள். புரட்டாசி, அமாவாசை, கிருத்திகை என்று எது குறுக்கே வரும் என்று தெரியாது. கவிச்சி சாப்பிடாதவர்களுக்கு மிஞ்சிய பச்சடியும் அப்பளமும் போட்டால் மனம் கோணும். காய்கறி பிரியாணி தனிப் பாத்திரத்தில், தனிக் கரண்டியோடு.

பக்கத்துக்கு எண்ணெய்க் கத்தரிக்காய், தயிர்ப் பச்சடி, அவித்த முட்டை; இனிப்புக்கு முந்தின நாளே கிளறிய பிரெட் அல்வா. இதற்குமேல் சிக்கன் 65-உம் மீன் வறுவலும் சேர்த்தால் வீட்டுக்காரம்மா அடுப்படியிலேயே நின்றுவிடுவார். பச்சடிக்கு வெங்காயத்தை நறுக்கி வைக்கலாம், தயிரும் உப்பும் பரிமாறும் நேரத்தில். முன்பே கலந்தால் நீர் விட்டுக் குளமாகிவிடும். பிள்ளைகளுக்குக் காரமில்லாத தயிர் சாதம் ஒரு கிண்ணம்.

மிஞ்சியதை மாலைவரை பாத்திரத்திலேயே விடாதீர்கள். சோற்றில் வளரும் சில கிருமிகள் உண்டாக்கும் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. இரண்டு மணி நேரத்துக்குள் அகலமான டப்பாக்களில் பரப்பி ஃப்ரிட்ஜில் வையுங்கள், அல்லது கிளம்புகிறவர்கள் கையில் கட்டிக் கொடுத்துவிடுங்கள்.