பெல்ட் கீச்சிடுகிறதா? தண்ணீர் அடித்துப் பாருங்கள்

காலையில் காரை ஸ்டார்ட் செய்ததும் என்ஜின் பெல்ட் (ஏசி, ஸ்டீயரிங் பம்ப் போன்றவற்றைச் சுழற்றும் ரப்பர் பட்டை) கொஞ்ச நேரம் கீச்சென்று கத்திவிட்டு அடங்கினால் பதற வேண்டாம்; பெல்ட்டில் ஈரம் படிந்திருக்கலாம். ஏசி போடும்போதோ, ஹைட்ராலிக் ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பும்போதோ தினமும் கத்தினால் பெல்ட் வழுக்குகிறது.

சந்தேகமா? என்ஜின் ஐடிலில் ஓடும்போது ஸ்பிரே பாட்டிலால் பெல்ட்டின் வரிகள் உள்ள பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் அடியுங்கள். (விரல், துப்பட்டா, தொளதொள சட்டைக்கை எதுவும் அந்தப் பக்கம் போகக் கூடாது.) சத்தம் கூடினால் இறுக்கம் போதவில்லை: பெல்ட் தேய்ந்திருக்கும், அல்லது அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் தளர்ந்திருக்கும். சத்தம் நின்று, சிறிது நேரத்தில் திரும்ப வந்தால் புல்லிகள் (பெல்ட் சுற்றி ஓடும் சக்கரங்கள்) நேர்கோட்டில் இல்லை. தண்ணீர் பட்டும் மாறாமல் உறுமலாகவே கேட்டால் ஏதோ ஒரு புல்லியின் பேரிங்கைச் சந்தேகியுங்கள். என்ஜினை அணைத்து, பெல்ட்டைக் கழற்றி, ஒவ்வொரு புல்லியாகக் கையால் சுற்றினால் கரகரப்பு தெரிந்துவிடும்.

பெல்ட் வழுக்காமல் இருக்க அடிக்கும் டிரெஸ்ஸிங் ஸ்பிரே எனக்குப் பிடிக்காது. சத்தத்தை மறைக்கும், தூசியை இழுக்கும், கோளாறு அப்படியே இருக்கும். ஆயிலோ கூலன்டோ பட்டு நனைந்த பெல்ட் என்றால் முதலில் கசிவைச் சரிசெய்யுங்கள். இல்லையென்றால் புது பெல்ட்டும் கத்தும்.