‘அன் மேவோயோ?’ என்று கேட்டால் என்ன சொல்வது: கொரியாவில் சாப்பிட உட்காரும் நம்மவர்களுக்கு

தேஜோனில் ஆய்வு வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், ஆய்வகத்தில் எல்லோருமாக என்னை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்துப் போனார்கள். ஊரின் பெயர்பெற்ற பண்டம் என்று துபு துருச்சிகி வாங்கினார்கள். கனமான டோஃபு துண்டுகளைச் சிவக்கச் சிவக்க மிளகாய்க் கலவையில் புரட்டி எடுத்துப் பெரிய தட்டில் கொண்டுவந்து வைப்பார்கள். தட்டு வந்தது, ஆனால் யாரும் கை வைக்கவில்லை. ஏழு பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு துண்டை எடுத்துச் சாப்பிட்டதும் ஒரே குரலில் கேள்வி வந்தது: “அன் மேவோயோ?” காரமாக இல்லையா?

எனக்கு ஊர் கோவில்பட்டி. “இல்லையே, காரமே இல்லை” என்று உள்ளதைச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள், ஆனால் அந்தக் கடையைத் தேடித் தேர்ந்தெடுத்த மூத்த ஆய்வாளரின் முகம் கொஞ்சம் வாடிவிட்டது. அந்த முகத்தைப் பார்த்த பிறகுதான் இந்தக் கேள்வியை நான் கவனிக்கத் தொடங்கினேன். ஐந்து வருஷமாகக் கவனித்ததில் புரிந்ததை, புதிதாக வருகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

கொரியர்கள் இதைக் கேட்பது நம்மைச் சோதிப்பதற்காக இல்லை. வெளிநாட்டவரை அவர்கள் ‘வேகுகின்’ என்பார்கள். பெரியவர்கள் பலருக்கு அந்தச் சொல்லைக் கேட்டதும் மனதில் வருவது ஒரு வெள்ளைக்காரர். அவருக்குக் காரம் ஆகாது, பூண்டு வாடை பிடிக்காது, குச்சியால் சாப்பிட வராது. மிளகாயும் பூண்டும் சேர்த்துப் புளிக்க வைத்த காய்கறியான கிம்ச்சியின் வாடைக்காக வெளிநாடுகளில் முகம் சுளிக்கப்பட்ட அனுபவம் பழைய தலைமுறைக்கு உண்டு. கூட்டமாக உட்கார்ந்து கிம்ச்சி போடும் கிம்ஜாங் வழக்கம் 2013இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிவிட்டது, ஆனாலும் அந்தத் தயக்கம் முழுவதும் போய்விடவில்லை. “காரமா?” என்று கேட்கும்போது “எங்கள் சாப்பாடு உங்களுக்குப் பிடித்திருக்கிறதா?” என்ற கேள்வியும் உள்ளே இருக்கிறது. நாம் பதில் சொல்ல வேண்டியது அதற்குத்தான்.

அதற்கு அவர்கள் மொழியிலேயே அழகான பதில் ஒன்று உண்டு: “மஷித்கே மேவோயோ.” ருசியான காரம் என்று பொருள். கொரியர்கள் தங்களுக்குள் அன்றாடம் சொல்வதுதான். இதைச் சொன்னால் பொய்யும் இல்லை, சமைத்தவருக்கும் மனம் நிறையும். “எங்கள் ஊரில் இதைவிடக் காரமாகச் சாப்பிடுவோம்” என்று தொடங்காதீர்கள். அதைச் சொல்ல அடுத்த மாதம், அடுத்த வருஷம் எல்லாம் இருக்கிறது.

காரத்தைப் பற்றி நாமும் தப்பாக நினைத்துக்கொண்டு வருகிறோம்

ஆந்திராக்காரரும் தமிழரும் எந்தக் காரத்தையும் தாங்குவார்கள் என்ற நம்பிக்கையோடுதான் வருகிறோம். கொரிய மிளகாய்த்தூளான கோச்சுகாரு பார்க்கத்தான் ரத்தச் சிவப்பு. நம் குண்டு மிளகாயோடு ஒப்பிட்டால் சாது. கோச்சுஜாங் என்ற மிளகாய் விழுதில் இனிப்பும் சேர்ந்திருக்கும். ஆகவே நிறத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஆனால் சொங்யாங் கோச்சு என்ற சின்னப் பச்சை மிளகாய் வேறு ரகம், அது நிஜமாகவே உறைக்கும். 2012இல் வந்த புல்தாக் நூடுல்ஸ் போன்றவை கொரியர்களையே கண் கலங்க வைப்பவை. இன்னொன்று, இங்கே காரம் கொதிநிலையில் வருகிறது. துக்பேகி என்ற கறுப்பு மண்சட்டியில் குழம்பு மேசைக்கு வந்த பிறகும் குமிழிட்டுக்கொண்டிருக்கும். சாம்பாரை ஆற வைத்துச் சாப்பிட்டுப் பழகிய நாக்குக்குச் சூடும் காரமும் சேர்ந்து அடிக்கும்போது திணறத்தான் செய்யும். அந்தக் கொதிக்கும் குழம்பை ஒரு வாய் குடித்துவிட்டுப் பெரியவர்கள் “ஷிவொன்ஹாதா” என்று பெருமூச்சு விடுவார்கள். நேர்ப்பொருள் ‘குளுமையாக இருக்கிறது’. மிளகு ரசம் குடித்துவிட்டு நாம் சொல்லும் “அப்பாடா”தான் அது. நீங்களும் ஒருமுறை சொல்லிப் பாருங்கள், மேசையில் இருக்கிற அத்தனை பேரும் உங்கள் பக்கம் திரும்பிச் சிரிப்பார்கள்.

சில கடைகளில் நம் முகத்தைப் பார்த்ததும் கேட்காமலேயே காரத்தைக் குறைத்துவிடுவார்கள். அப்படி வேண்டாம் என்றால் சாப்பாடு சொல்லும்போதே “வொல்லே தேரோ ஹே ஜூசேயோ” என்று சேர்த்துச் சொல்லுங்கள். எப்போதும் செய்கிற மாதிரியே செய்யுங்கள் என்று பொருள். குழந்தையோடு வருகிறவர்கள் “அன் மெப்கே ஹே ஜூசேயோ” என்று, காரமில்லாமல் கேட்கலாம். தட்டு வந்த பிறகு கேட்டால் ஒன்றும் செய்ய முடியாது.

சைவர்களுக்கு: இந்தப் பகுதியை மட்டும் இரண்டு தடவை படியுங்கள்

இந்தியர் என்றால் இரண்டு முடிவுகள் காத்திருக்கும். ஒன்று, மாட்டுக்கறி சாப்பிடமாட்டார். இரண்டு, தினமும் ‘கரி’ (curry) குழம்பு சாப்பிடுவார்; அவர்கள் வாயில் அது ‘கரே’. அவர்கள் கரே என்பது ஒட்டோகி நிறுவனம் 1969இல் பொடியாகக் கொண்டுவந்த மஞ்சள் குழம்பு. உருளைக்கிழங்கும் கேரட்டும் பெரும்பாலும் பன்றிக்கறியும் போட்டிருக்கும். ‘இந்தியச் சாப்பாடுதானே’ என்று அன்போடு அதை உங்கள் முன்னால் வைப்பார்கள். அன்பு புரிகிறது, ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டே ஆக வேண்டும்.

என்னோடு வேலை செய்த கும்பகோணத்துப் பெண் சுத்த சைவம். “கோகி ப்பேகோ ஜூசேயோ”, கறி இல்லாமல் கொடுங்கள் என்ற ஒரே வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டு, கடற்பாசித் தாளில் சோற்றைச் சுருட்டித் தரும் கிம்பாப் வாங்கப் போனாள். பாதி சாப்பிட்ட பிறகுதான் நடுவில் இளஞ்சிவப்பாக ஒரு துண்டு இருப்பதைப் பார்த்தாள். ஹாம், பதப்படுத்திய பன்றிக்கறி. அன்று மாலை முழுவதும் அவள் எதுவும் சாப்பிடவில்லை. அறைக்குப் போய் அழுதாள். கடைக்காரம்மா ஏமாற்றவில்லை. இங்கே பலருக்குக் ‘கோகி’ என்றால் அடுப்பில் சுடும் இறைச்சி. ஹாம், ஒமுக் என்ற மீன் பட்டை, மத்சால் என்ற நண்டுச் சுவைக் குச்சி எல்லாம் அந்தச் சொல்லுக்குள் வராமல் போய்விடும். ஆகவே ஒவ்வொன்றையும் பெயர் சொல்லித்தான் விலக்க வேண்டும்: “கோகி, ஹேம், ஒமுக், மத்சால் ப்பேகோ ஜூசேயோ.”

அதோடு முடியவில்லை. தெளிவாகத் தெரியும் குழம்புக்கு அடியிலும் நெத்திலி வேகவைத்த தண்ணீர் இருக்கும்; யுக்சு என்பார்கள். கிம்ச்சியில் உப்பிட்டுப் புளித்த இறாலோ நெத்திலிச் சாறோ சேர்த்திருப்பது வழக்கம். காய்கறிகளோடு கிளறிச் சாப்பிடும் சோறான பிபிம்பாப்பில் கறியை எடுத்துவிட்டாலும், கூட வரும் மிளகாய் விழுதைச் சில கடைகளில் மாட்டுக்கறி சேர்த்து வதக்கியிருப்பார்கள். எங்கே கோடு போடுவது என்பதை ஊரிலிருந்து கிளம்பும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். துண்டாக இருந்தால் மட்டும் வேண்டாமா, சாறும் வேண்டாமா? இது உங்கள் முடிவு, எதைச் செய்தாலும் நான் தப்பு சொல்லமாட்டேன். ஆனால் சாப்பிட உட்கார்ந்த பிறகு முடிவு செய்வது வேதனை.

ஒரு இலக்கண விஷயம் இதில் பெரிதும் உதவும். “அன் மொகொயோ” என்றால் சாப்பிடுவதில்லை. விருப்பம் மாதிரி ஒலிக்கும், “கொஞ்சம் சாப்பிட்டுப் பாருங்கள்” என்பார்கள். “மோன் மொகொயோ” என்றால் சாப்பிட முடியாது. அதற்கு மேல் யாரும் வற்புறுத்த மாட்டார்கள். இல்லாத ஒவ்வாமையைச் சொல்லித் தப்பிக்க வேண்டிய அவசியமே இல்லை. கொரிய நண்பர் ஒருவரிடம் உங்கள் பட்டியலை ஹங்குல் எழுத்தில் எழுதி வாங்கிப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். இளைஞர்கள் நடத்தும் கடைகளில் ‘பீகொன்’, அதாவது வீகன் என்ற சொல் இப்போது புரிகிறது.

கோடையில் கொங்குக்சு தேடுங்கள். குளிர்ந்த சோயாப் பாலில் நூடுல்ஸ், மேலே வெள்ளரிக்காய், உப்பு நாம் போட்டுக்கொள்வது. பூசணிக் கஞ்சியான ஹொபாக்ஜூக்கும் நல்லது. சியோலுக்குப் போனால் ஜோக்யேசா கோயிலுக்கு எதிரே பல்வூ கொங்யாங் என்ற உணவகம் இருக்கிறது, பௌத்த மடத்துச் சமையல். கறி, மீன் மட்டுமில்லை, பூண்டும் வெங்காயத் தாளும்கூடக் கிடையாது. என் தோழி அங்கேதான் முதல்முறையாக எதையும் கிளறிப் பார்க்காமல் சாப்பிட்டாள்.

மாடு, நாய், அழுகிய திருக்கை

மாட்டுக்கறி சாப்பிடாதவர்கள் அதை முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது. அலுவலகத்தோடு சாப்பிடப் போகும் ஹ்வேசிக்கில் இடத்தை முன்கூட்டியே பதிவு செய்வார்கள். நான் சொன்ன பிறகு எங்கள் பேராசிரியர் தக்கால்பி கடைக்கு மாற்றினார். கோழி, முட்டைக்கோஸ், சர்க்கரைவள்ளிக்கிழங்கு எல்லாம் போட்டு மேசை நடுவில் இரும்புச் சட்டியில் கிளறுவது அது. கடைசியில் ஒட்டியிருக்கும் மசாலாவில் சோற்றைப் போட்டு வறுத்துத் தருவார்கள். கோழி சாப்பிடுகிற தமிழருக்குக் கொரியாவில் இதைவிடச் சுகமான இடம் கிடையாது என்பது என் தீர்மானமான கருத்து.

வெளிநாட்டவருக்கு ஆகாது என்று அவர்களே தீர்மானித்து வைத்திருக்கும் பண்டங்கள் சில உண்டு. தென்மேற்கே ஜொல்லா பக்கத்தில் ஹொங்ஓ என்ற புளிக்க வைத்த திருக்கை மீனின் அம்மோனியா நெடி மூக்கை அடைத்துவிடும். விருந்தில் யாராவது அதை எடுத்து நீட்டுவார்கள். கொரியர்களிலேயே பாதிப் பேர் சாப்பிடாதது அது என்று என் சக ஆய்வாளர்கள் சொன்னார்கள். வீரம் காட்டி விழுங்க வேண்டியதில்லை. இரண்டு கையாலும் தட்டை மெல்லத் தள்ளி, “மோன் மொகொயோ” என்றால் போதும்.

பதிலுக்கு, “நீங்கள் நாய்க்கறி சாப்பிடுவீர்களா?” என்று தயவுசெய்து கேட்காதீர்கள். கொரியாவைப் பற்றி நம்மவர்கள் பலர் கேட்கும் முதல் கேள்வி அதுதான். இளைஞர்கள் பெரும்பாலோர் அதைத் தொட்டதே இல்லை. அதற்கான தடைச் சட்டம் 2024 ஜனவரியில் நிறைவேறியது, 2027இல் நடைமுறைக்கு வருகிறது. “தினமும் கரேயா?” என்று அவர்கள் கேட்பதில் அன்பு இருக்கிறது. இந்தக் கேள்வியில் அது இல்லை.

கையும் கரண்டியும்

முள்கரண்டி கொண்டுவந்து வைத்தால் நன்றி சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். சோறும் குழம்பும் கரண்டியால், பன்சான் என்ற தொடுகறிகள் குச்சியால், அவ்வளவுதான் விதி. சோற்றுக் கிண்ணத்தைக் கையில் தூக்குவதில்லை, குச்சியைச் சோற்றில் நட்டு வைப்பதில்லை, அது திதிக்குப் படைப்பது மாதிரி. நாம் சோற்றில் குழம்பை ஊற்றுவோம், இவர்கள் குழம்புக்குள் சோற்றைப் போடுவார்கள். பெரியவர் கரண்டி எடுத்த பிறகு நாம் எடுப்பது மரியாதை. கையால் சாப்பிடுவதே இல்லையோ என்று ஏங்க வேண்டாம்: இலையில் சோறும் கறியும் பூண்டும் வைத்து மடிக்கும் ஸ்ஸாம் முழுக்கக் கை வேலைதான். கடிக்காமல் ஒரே வாயில், வெற்றிலை போடுவது போல.

பன்சான் தீர்ந்தால் கூசாமல் இன்னும் கேளுங்கள், காசு கிடையாது. கேட்பது சமையலுக்குப் பாராட்டு. கடைக்காரம்மாவை ‘இமோ’ என்று கூப்பிடலாம். அம்மாவின் அக்காவோ தங்கையோ, நம் பெரியம்மா, சித்தி.

நான் வாராவாரம் போகும் துருச்சிகி கடையின் இமோ ஒருநாள் பச்சை சொங்யாங் மிளகாயையும் கொஞ்சம் தொயென்ஜாங் என்ற சோயா விழுதையும் வைத்துவிட்டு நின்றார். பழைய சோற்றுக்கு மிளகாய் கடிப்பது போல நான் கடித்துக்கொண்டதைப் பார்த்து, “உங்கள் ஊரிலும் இப்படியா?” என்றார். ஆமாம் என்றேன். அன்றிலிருந்து கேட்காமலேயே அந்தச் சின்னத் தட்டு வந்துவிடும்.

போன மாதம் மதுரையிலிருந்து புதிதாக வந்த தம்பியைக் கூட்டிப் போனேன். முதல் வாய் வைத்ததும் இமோ கிட்டே வந்து குனிந்தார். “அன் மேவோயோ?” தம்பி என்னைப் பார்த்தான். வழியில் சொல்லிக்கொடுத்ததை நினைவுபடுத்திக்கொண்டு, மெதுவாக, “மஷித்கே மேவோயோ” என்றான். இமோ உள்ளே போய் இன்னொரு மிளகாய்த் தட்டு எடுத்து வந்தார்.