இக்போ பேசும் ஊருக்கு வந்திருக்கிறீர்களா? ஃபோனில் புள்ளி வைக்கப் பழகுங்கள்

எனுகு, ஒனிட்ஷா, அபா என்று நைஜீரியாவின் தென்கிழக்குப் பக்கம் வேலைக்கு வருகிறவர்கள் முதல் வாரம் என்னிடம் கேட்பது சிம் கார்டு, வீடு, நம்ம ஊர் பருப்பு எங்கே கிடைக்கும் என்பதைத்தான். அலுவலகத்தில் ஆங்கிலம் ஓடும், சந்தையில் பிட்ஜின் என்கிற உள்ளூர்க் கலப்பு ஆங்கிலம் கொஞ்சம் வந்தால் போதும். ஆனால் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்ததும் இந்தப் பக்கத்து மொழியான இக்போ வந்து விழ ஆரம்பிக்கும். பதிலுக்கு இரண்டு சொல் இக்போவிலேயே எழுதினால் பழக்கம் சீக்கிரம் நெருங்கும்.

இக்போவும் ஆங்கிலத்தைப் போல ரோமன் எழுத்துதான். 1961இல் ஓன்வூ குழு வகுத்த எழுத்துமுறையில் மொத்தம் 36 எழுத்துகள். ஐ (i), ஓ (o), யூ (u) மூன்றுக்கும் அடியில் புள்ளி வைத்த தனி எழுத்துகள் உண்டு. ‘என்’ (n) எழுத்துக்குத் தலையில் புள்ளி வைத்த ஒன்றும் உண்டு, அது அவ்வளவாக வராது. புள்ளி வைத்தால் எழுத்தே வேறு, ஒலியே வேறு. புள்ளி என்ன செய்யும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நம் ஓலைச்சுவடிகளில் புள்ளி இல்லாமல் எழுதிவிட்டுப் போனதை எத்தனை பேர் உட்கார்ந்து யோசித்து யோசித்துப் படித்திருக்கிறார்கள்!

நான் வந்த புதிதில் ஒரு ராத்திரி கரண்ட் போய்விட்டது. ‘ஒகு’ என்றால் நெருப்பு. மின்சார வெளிச்சத்துக்கும் அதே சொல்தான். அதில் ஓவுக்கும் யூவுக்கும் புள்ளி உண்டு. நான் புள்ளி இல்லாமல் அந்த ஒற்றைச் சொல்லைத் தட்டி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுக் காவலாளிக்கு அனுப்பினேன். அடுத்த நொடி ஃபோன் அடித்தது. “கூப்பிடச் சொன்னீர்களா?” என்றார். புள்ளி இல்லாத ‘ஒகு’வுக்கு அழைப்பு என்று பொருள். இதே மாதிரி ‘உக்வு’ என்பதில் இரண்டு யூவுக்கும் புள்ளி இருந்தால் கால், இல்லாவிட்டால் இடுப்பு. கால் சுளுக்கிய நண்பரை நலம் விசாரிக்கும்போது இது ஞாபகம் இருக்கட்டும்.

சரி, ஃபோனில் எப்படி வைப்பது? ஆண்ட்ராய்டு என்றால் கூகுளின் கீபோர்டான ஜிபோர்டு போதும். வாட்ஸ்அப்பில் தட்டச்சு செய்யும் இடத்தைத் தொட்டு, கீபோர்டின் மேலே இருக்கும் பல்சக்கரப் படத்தை அழுத்தி, மொழிகள் பகுதிக்குப் போய் இக்போவைத் தேடிச் சேர்த்துக்கொள்ளுங்கள். தமிழும் ஆங்கிலமும் ஏற்கெனவே இருந்தால் இது மூன்றாவது. ஸ்பேஸ் பாரை அழுத்திப் பிடித்தால் மாறிக்கொள்ளலாம். புள்ளி எழுத்து கண்ணில் படவில்லையா, சாதா எழுத்தை அழுத்திப் பிடித்துப் பாருங்கள். இக்போவைச் சேர்க்காமல் ஆங்கிலக் கீபோர்டிலேயே ஓட்டினால், நீங்கள் ‘பிகோ’ என்று, அதாவது ‘தயவுசெய்து’ என்று எழுத, அது ‘பைக்’ என்று திருத்தி வைக்கும். லாகோஸிலிருந்து வந்தவர்கள் ஃபோனில் அந்தப் பக்கத்து மொழியான யோருபாவின் கீபோர்டு இருக்கலாம். அதில் புள்ளி வைத்த ஓ கிடைக்கும். மற்ற இரண்டுக்கும் அதை நம்ப வேண்டாம்.

இக்போ கீபோர்டே இல்லாத ஃபோன் என்றால் ஒரு வழி இருக்கிறது. வியட்நாமிய மொழியிலும் இதே மூன்று எழுத்துகள் உண்டு. வியட்நாமிய கீபோர்டில், எண் தட்டிக் குறி போடும் விஎன்ஐ முறையைத் தேர்ந்தெடுத்து, ஓ தட்டி 5 தட்டினால் புள்ளி விழும். ஐ, யூ இரண்டுக்கும் அப்படியே. எழுத்து தட்டிக் குறி போடும் டெலெக்ஸ் முறையை எடுக்காதீர்கள். அது டபிள்யூவை விழுங்கி வேறு எழுத்தாக மாற்றும், இக்போவிலோ டபிள்யூ இல்லாமல் நாலு சொல் எழுத முடியாது.

எங்கே புள்ளி வரும் என்று ஊகிக்க ஒரு நல்ல விதி உண்டு. எனக்கு இதைச் சொல்லித்தந்தவர் பக்கத்து வீட்டு அம்மா, வாசலில் உட்கார்ந்து விரலால் மணலில் எழுதிக் காட்டினார். இக்போவின் எட்டு உயிர்களும் இரண்டு கட்சி. புள்ளி வைத்த மூன்றும் ஏ (a) எழுத்தோடு ஒரு பக்கம், புள்ளி இல்லாத மூன்றும் ஈ (e) எழுத்தோடு மறுபக்கம். ஒரு சொல்லில் பெரும்பாலும் ஒரு கட்சிதான் இருக்கும். நன்றி சொல்லும் ‘டாலு’வில் ஏ வருகிறதா, அப்படியென்றால் கடைசி யூவுக்குப் புள்ளி. ‘பிகோ’வுக்குப் புள்ளியே இல்லை. காலை வணக்கமான ‘உடுடு ஓமா’வில் நாலு புள்ளி. இரண்டு சொல் ஒட்டிவரும் பெயர்களில் கட்சிகள் கலக்கலாம்: ‘இஃபேயோமா’ என்ற பெயரில் பின்பாதியின் ஓவுக்கு மட்டும்தான் புள்ளி.

உள்ளூர்க்காரர்களே அவசரத்தில் புள்ளியை விட்டுவிடுகிறார்கள், நாம் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுவதுபோலத்தான். அதனால் எல்லாச் சொல்லுக்கும் மெனக்கெட வேண்டியதில்லை. வாழ்த்துக்கும் பெயருக்கும் மட்டும் தவறாமல் வையுங்கள். அந்த அம்மாவின் மகளுக்குப் பிறந்தநாள் வாழ்த்து அனுப்பியபோது அவள் பெயரில் புள்ளி வைத்தேன். அவர் அதைத் தன் அக்காவுக்கு ஃபார்வர்டு செய்துவிட்டு என்னிடம் வந்து சொன்னார்.

வைக்கக் கூடாத இடமும் உண்டு. பாஸ்போர்ட், வங்கிக் கணக்கு எல்லாவற்றிலும் பெயர்கள் பொதுவாகப் புள்ளி இல்லாமல்தான் இருக்கும். பணம் அனுப்பும்போது அப்படியே தட்டுங்கள். சாதா எஸ்எம்எஸ்ஸில் ஒரே ஒரு புள்ளி எழுத்து வந்தாலும் 160 எழுத்து இடம் 70 ஆகக் குறைந்துவிடும். தமிழில் எஸ்எம்எஸ் அனுப்பியவர்களுக்கு இது பழைய கதை. நீளமாக எழுதினால் இரண்டு செய்திக்குக் காசு போகும்.

அப்புறம், தொனி. ‘அக்வா’ என்று எழுதினால் அழுகை, துணி, முட்டை, கட்டில் நான்கும் அதுதான். குரலின் ஏற்ற இறக்கம் ஒன்றே வித்தியாசம். தொனிக்குறியை ஃபோனில் யாரும் மெனக்கெட்டுப் போடுவதில்லை. கடைக்காரரிடம் முட்டை கேட்க வேண்டுமானால் நான் வாய்ஸ் நோட்தான் அனுப்புகிறேன்.