பழைய லென்ஸ், புது கேமரா: காசு போகும் இடங்கள்

பழைய லென்ஸ் ஆசையில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை படம் எடுக்கும்போது நடப்பதில்லை. காசு கொடுக்கும்போதே நடந்துவிடுகின்றன. மூர் மார்க்கெட் பக்கமோ பர்மா பஜாரிலோ கனமான, முழுக்க உலோகத்தில் செய்த ஒரு 50 மிமீ லென்ஸ் கண்ணில் படுகிறது. "எந்த கேமராவுக்கும் போடலாம்ணே, ஒரு அடாப்டர் வாங்கிக்கோங்க, போதும்" என்கிறார் கடைக்காரர். அவர் பொய் சொல்லவில்லை. எந்த கேமராவிலும் போடலாம்தான். போட்ட பிறகு காசிமேட்டுப் படகு ஃபோகஸ் ஆகுமா என்பது வேறு கேள்வி, அதை அவரிடம் யாரும் கேட்பதில்லை.

விஷயம் இதுதான். லென்ஸ் உட்காரும் வளையமான மவுண்ட்டுக்கும் சென்சாருக்கும் நடுவே உள்ள தூரம் ஒவ்வொரு மவுண்ட்டுக்கும் மாறும். நிகான் எஃப் மவுண்ட்டில் 46.5 மிமீ. ஜெனிட், பென்டாக்ஸ் கேமராக்களோடு வந்த எம்42 திருகு லென்ஸுக்கு 45.46 மிமீ. கேனான் டிஎஸ்எல்ஆரில், அதாவது உள்ளே மிரர் வைத்த டிஜிட்டல் கேமராவில், 44 மிமீ. லென்ஸ் கேட்கும் தூரத்தைவிட கேமராவின் தூரம் குறைவாக இருந்தால் கவலையே இல்லை, மிச்சத்தை அடாப்டர் நிரப்பிவிடும். தூரம் கூடுதலாக இருந்தால் அடாப்டரால் எதுவும் செய்ய முடியாது. லென்ஸை உள்ளே தள்ள இடம் கிடையாது. அதனால்தான் எம்42 லென்ஸை நிகான் டிஎஸ்எல்ஆரில் வெறும் வளைய அடாப்டரில் மாட்டினால், வித்தியாசம் ஒரே ஒரு மில்லிமீட்டர் என்றாலும், ஒன்றிரண்டு மீட்டருக்கு அப்பால் எதுவும் தெளிவாக வராது. எதிரே உட்கார்ந்து டீ குடிப்பவரை எடுக்கலாம். தெருமுனையை எடுக்க முடியாது.

இதில் அதிகம் ஏமாறுபவர்கள் கேனான்காரர்கள். கேனான் லென்ஸ், கேனான் பாடி, அப்புறம் என்ன என்று நினைக்கிறார்கள். 1987-இல் கேனான் மவுண்ட்டையே மாற்றிவிட்டது. அதற்கு முந்தைய எஃப்டி லென்ஸ் கேட்பது 42 மிமீ, டிஎஸ்எல்ஆரில் இருப்பது 44. உள்ளே ஒரு கண்ணாடி வில்லை வைத்த அடாப்டர் விற்கிறார்கள், அது தூரத்தைச் சரிக்கட்டும். ஆனால் அந்த மலிவான கண்ணாடி வழியாக எடுப்பதென்றால் நல்ல லென்ஸ் எதற்கு வாங்கினோம்? வெளிச்சம் உள்ளே வரும் துளையான அப்பர்ச்சரை முழுதாகத் திறந்தால் படம் கொழகொழவென்று வரும். வேண்டாம் என்பது என் கருத்து.

உள்ளே மிரர் இல்லாத மிரர்லெஸ் கேமரா வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. சோனி இ மவுண்ட் 18 மிமீ, நிகான் இசட் 16, கேனான் ஆர்எஃப் 20. எஸ்எல்ஆர் காலத்து லென்ஸ் எதுவானாலும் வெறும் வளைய அடாப்டர் போதும். டிஎஸ்எல்ஆர்தான் கையில் இருக்கிறது என்றால், கேனானுக்கு எம்42 அல்லது பழைய நிகான் லென்ஸ், நிகானுக்குப் பழைய நிகான் லென்ஸ் மட்டும். இந்த எல்லைக்குள் நின்றுகொள்வது நல்லது.

நிகானுக்குள்ளும் ஒரு பள்ளம் இருக்கிறது. 1977-இல் நிகான் கொண்டுவந்த ஏஐ (AI) என்ற அப்பர்ச்சர் வளைய அமைப்புக்கு முந்தைய, அதற்கேற்ப மாற்றப்படாத லென்ஸை டி750, டி7200 மாதிரி பாடியில் அழுத்தித் திருகினால் மவுண்ட் ஓரத்தில் இருக்கும் சின்ன நெம்புகோல் உடையும். டி3500, டி5600 மாதிரி பாடிகளில் அந்த நெம்புகோலே கிடையாது, எனவே தாராளமாக மாட்டலாம். ஆனால் அவற்றில் பழைய லென்ஸுக்கு வெளிச்சம் அளக்கும் மீட்டர் வேலை செய்யாது. எம் (மேனுவல்) மோடில் வைத்து, ஒரு படம் எடுத்து, வெளிச்ச வரைபடமான ஹிஸ்டோகிராம் பார்த்து, ஷட்டரைக் கூட்டிக் குறைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அடுத்து லென்ஸின் உடம்பு. வெளியே பளபளவென்று இருக்கிறதா என்று பார்ப்பது வீண். அப்பர்ச்சரை முழுதாகத் திறந்து, போன் டார்ச்சைப் பின்பக்கம் பிடித்து, முன்பக்கம் வழியாகச் சாய்வாகப் பாருங்கள். பிறகு லென்ஸைத் திருப்பி அதே மாதிரி. நாலைந்து தூசி இருந்தால் விட்டுத் தள்ளுங்கள், படத்தில் தெரியாது. முன் கண்ணாடியில் மெல்லிய கீறலும் பெரிய விஷயமில்லை, பின் கண்ணாடியில் என்றால் யோசியுங்கள். சிலந்தி நூல் மாதிரி கிளை விட்டுப் படர்ந்திருந்தால் அது ஃபங்கஸ். பனி படிந்ததுபோல மொத்தமும் மங்கலாக இருந்தால் அது வேறு வியாதி, பின்னாலிருந்து வெளிச்சம் வரும் படம் எல்லாம் வெளுத்துவிடும். அப்பர்ச்சரை மூடித் திறக்கும் ப்ளேடில் எண்ணெய் தெரிந்தால் கடைக்காரரே விலையைக் குறைப்பார். கையால் அப்பர்ச்சரை மூடி மிரர்லெஸ்ஸில் எடுப்பவருக்கு, ப்ளேடு நகர்கிற வரை, அது அவ்வளவு பெரிய குறை இல்லை. பேரம் பேச நல்ல இடம்.

ஃபங்கஸ் விஷயத்தில் மட்டும் கறாராக இருக்க வேண்டும், அதுவும் நம் பக்கத்தில். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடலை ஒட்டியே வாழ்கிறோம். பீரோவுக்குள் வைத்த துணியே ஐப்பசி கார்த்திகையில் வாடை அடிக்கும்போது லென்ஸ் எம்மாத்திரம்? ஃபங்கஸ் வெறுமனே மேலே படர்ந்திருப்பதில்லை. அது விடும் அமிலம் கண்ணாடி மேல் பூசிய கோட்டிங்கை அரித்துவிடும். துடைத்து எடுத்தாலும் அரித்த தடம் போகாது. சிலர் மொட்டை மாடி வெயிலில் காய வைக்கிறார்கள். வெயில் பூஞ்சையைக் கொல்லலாம், ஆனால் சென்னை வெயிலில் ஃபோகஸ் வளையத்தின் கிரீஸும் இளகி ப்ளேடுக்கு ஓடிவிடும். போதாததற்கு மூடி போடாத லென்ஸ் பூதக்கண்ணாடி வேலை செய்து பக்கத்தில் இருப்பதைக் கொளுத்தும்.

லென்ஸோடு வந்த தோல் உறையைப் பார்க்க அழகாக இருக்கிறதே என்று அதிலேயே போட்டு வைப்பதும் தவறு. ஈரத்தைப் பிடித்து வைத்துப் பூஞ்சைக்குச் சோறு போடுவதே அந்தத் தோல்தான். அரிசிப் பானைக்குள் புதைப்பதும் வேண்டாம், மாவுத்தூள் உள்ளே போகும். இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், உள்ளே வைக்க ஒரு சின்ன ஈரப்பத மீட்டர். 40-லிருந்து 50 சதவீதத்துக்குள் நின்றால் போதும். நீல நிற ஜெல் வெளிறி இளஞ்சிவப்பாகிவிட்டால் சூடாக்கி ஈரத்தைப் போக்கி மறுபடி பயன்படுத்தலாம். சமையல் பாத்திரத்தில் மட்டும் வறுக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் மேல், லென்ஸை வெளியே எடுத்துப் பயன்படுத்துங்கள்.

சரி, நல்ல லென்ஸாகப் பார்த்து வாங்கி மாட்டியாயிற்று. ஷட்டர் அடிக்கவில்லை. உடனே அடாப்டர் போலி என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். எலக்ட்ரானிக் தொடர்பு இல்லாததால் கேமரா லென்ஸே இல்லை என்று நினைக்கிறது. மெனுவில் லென்ஸ் இல்லாமல் ஷட்டரை அனுமதிக்கும் வசதி இருக்கும், அதை ஆன் செய்தால் தீர்ந்தது. பாடியிலேயே நடுக்கம் தணிக்கும் வசதி இருந்தால் லென்ஸின் மிமீயை நீங்களே பதிய வேண்டும், லென்ஸில் எழுதியிருக்கும் எண்ணையே. கிராப் சென்சார் (35 மிமீ ஃபிலிமைவிடச் சின்ன சென்சார்) என்பதற்காக ஒன்றரையால் பெருக்கிப் பதிந்தால், நடுக்கத்தைக் குறைக்க வேண்டிய சென்சார் தானே ஆட்டி வைக்கும். லென்ஸ் மாற்றும்போது எண்ணை மாற்ற மறப்பதும் இதே கதைதான்.

அப்பர்ச்சர் வளையத்தைத் திருப்புகிறோம், வெளிச்சம் மாறவே இல்லை என்றால் லென்ஸ் ரிப்பேர் இல்லை. பல எம்42 லென்ஸ்களில் ஆட்டோ, மேனுவல் என்று ஒரு சின்ன ஸ்விட்ச் உண்டு. மேனுவலில் இருக்க வேண்டும். எஃப்டி அடாப்டரில் அதற்கென்று தனி வளையமே இருக்கிறது.

ஃபோகஸ் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். ஓரங்களில் கலர் கோடு காட்டும் பீக்கிங்கை நம்பி அப்பர்ச்சரை எஃப் 1.4 வரை அகலத் திறந்து எடுப்பவர்கள் வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் பார்த்துத்தான் நொந்துகொள்கிறார்கள். 35 மிமீ ஃபிலிம் அளவு சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேமில் 50 மிமீ லென்ஸை எஃப் 1.4-இல் வைத்து ஒரு மீட்டரில் இருப்பவரை எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் மூன்று சென்டிமீட்டர் சொச்சம்தான். மூக்கு தெளிவாக இருக்கும், கண் கலங்கியிருக்கும். பீக்கிங் இரண்டுக்கும் சேர்த்தே கோடு போடும். பெரிதாக்கிப் பார்க்கும் வசதியை ஒரு பட்டனில் வைத்துக்கொண்டு, கண்ணில் ஃபோகஸ் வைத்து, எஃப் 2.8-க்கு மூடுங்கள். கேரம் கிளப்பில் ஸ்ட்ரைக்கரைக் குறிபார்த்துக் குனிந்திருப்பவர் அந்த நேரத்தைத் தருவார். பாக்ஸிங் ரிங்கிலும் வியாசர்பாடி கால்பந்து மைதானத்திலும் யாரும் தர மாட்டார்கள். அங்கே பழைய லென்ஸைத் தூக்கிக்கொண்டு போவது வீம்பு. ஆட்டோ ஃபோகஸ் லென்ஸே போடுங்கள்.

பின்னணி சுழன்று தெரியும் என்று கேட்டு ஹீலியோஸ் 44-2 வாங்குகிறார்கள். 58 மிமீ, எஃப் 2, சோவியத் சரக்கு. அந்தச் சுழல் படத்தின் ஓரங்களில்தான் வரும், கிராப் சென்சார் அந்த ஓரத்தைத்தான் வெட்டி எறிகிறது. பின்னணியில் இலைகளுக்கு நடுவே ஒளி புள்ளி புள்ளியாக வர வேண்டும். வெறும் சுவருக்கு முன்னால் நிறுத்தினால் எதுவும் சுழலாது. இதே கிராப் கணக்கு 28 மிமீயையும் கவிழ்க்கும். 1856-இல் திறந்த ராயபுரம் ஸ்டேஷனின் தூண் வரிசையை முழுசாகப் பிடிக்கலாம் என்று போனால், அது 42 மிமீ மாதிரி நடந்துகொள்ளும். ரோட்டைத் தாண்டிப் பின்னால் போக வேண்டிவரும்.

காசிமேட்டில் விடியற்காலையில் எடுப்பவர்களுக்கு ஒரு விஷயம். கடல் கிழக்கே, சூரியன் நேரே லென்ஸுக்குள் வருகிறது. பழைய கோட்டிங் அதைத் தாங்காது, படம் முழுக்க வெளிறும். லென்ஸ் முன்னால் வெயில் மறைக்கும் ஒரு ஹூட் போடுங்கள், இல்லாவிட்டால் கையால் மறைத்துக்கொள்ளுங்கள், ஜேபெக்கில் இல்லாமல் ரா (RAW) ஃபைலாக எடுங்கள். ஏசி அறையிலிருந்து நேராக அங்கே போனால் கண்ணாடி வியர்க்கும்; பைக்குள்ளேயே கொஞ்ச நேரம் கிடக்கட்டும். திரும்பி வந்ததும் லேசாக ஈரமான துணியால் வெளி உலோகத்தைத் துடைத்து உப்பை எடுத்துவிடுங்கள். எண்ணூர்ப் பக்கம் கண்டெய்னர் லாரி ஓடும் ரோட்டோரத்தில் நின்று லென்ஸ் மாற்றாதீர்கள், அந்தத் தூசி நேரே சென்சாரில்தான் உட்காரும்.

கடைசியாக, ஃபைலில் அப்பர்ச்சர் பதிவாகாது. எந்தப் படம் எந்த எஃப்-இல் எடுத்தது என்று பிறகு தெரிய வேண்டுமானால், அப்பர்ச்சரை மாற்றும்போது லென்ஸ் வளையத்தைப் போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். இரண்டிலும் நேரம் சரியாக வைத்திருந்தால், வீட்டில் வரிசைப்படுத்தும்போது அது தானாகவே உரிய இடத்தில் வந்து நிற்கும்.