டைஸ் உருட்டி மெலடி போடலாம் வாங்க

கம்ப்யூட்டர்கிட்ட ஏதாவது எட்டு நோட் குடுன்னு கேட்டா குடுத்துடும், ஆனா காதுல கேட்டா பாட்டு மாதிரியே இருக்காது, பியானோ மேல பூனை நடந்த மாதிரிதான் இருக்கும். ரேண்டமுக்கு ஒரு கடிவாளம் போடணும், விஷயமே அதுல தான் இருக்கு.

முதல்ல நோட்டுக்கு நம்பர் வேணும், கம்ப்யூட்டர் இசையில வழக்கமான MIDI நம்பரையே எடுத்துக்கலாம். மிடில் சி, அதாவது பியானோ நடுவுல இருக்கிற சி, 60. ஒவ்வொரு அரைச்சுரத்துக்கும் (பியானோல பக்கத்துக் கட்டைக்கு) ஒண்ணு கூடும், 69 வந்தா அது 440 ஹெர்ட்ஸ். பிரீக்வென்சி (செகண்டுக்கு எத்தனை அதிர்வு) வேணும்னா நம்பர்ல 69 கழிச்சு 12-ஆல வகுத்து, 2-க்கு அதை அடுக்கா போட்டு 440-ஆல பெருக்குங்க, 60-க்கு 261.63 வரும்.

அடுத்து 12 சுரத்தையும் எடுக்காதீங்க. மோகன ராகத்தோட அஞ்சு சுரம் போதும், ச ரி க ப த, கூட மேல் ச. அதாவது 60, 62, 64, 67, 69, 72. இதுல அரைச்சுர இடைவெளியே இல்ல, அதனால எப்படி மாத்திப் போட்டாலும் காதுல பெருசா உறுத்தாது.

இப்போ ச-ல ஆரம்பிச்சு டைஸ் உருட்டுங்க. 1, 2 விழுந்தா இந்த ஆறு சுர வரிசையில ஒரு படி கீழ, 3, 4-னா ஒரு படி மேல, 5-னா அதே சுரம், 6-னா ரெண்டு படி மேல தாவல். இடம் இல்லன்னா எதிர்ப்பக்கம் போங்க. எனக்கு 3, 4, 5, 6, 1, 2 விழுந்துச்சு, கடைசி சுரத்தை மட்டும் நானே ச-ன்னு வெச்சேன்:

ச ரி க க த ப க ச

பாடிப் பாருங்க! க-ல கொஞ்சம் நின்னுட்டு த-வுக்குத் தாவி உடனே ப-வுக்கு இறங்குது பாருங்க, அந்த இடம் தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. இங்க அது தற்செயலா அமைஞ்சது, ஆனா தாவினதும் ஒரு படி திரும்பணும்னு ரூலாவே வெச்சுடுங்க, மெலடி சட்டுனு உருப்படும்.

இதையே பைத்தான் புரோகிராமா எழுதுறவங்க ஆறு நம்பரையும் ஒரு லிஸ்ட்ல போட்டு, நோட்டை மாத்தாம லிஸ்ட்ல நிக்கிற இடத்தை மட்டும் கூட்டிக் கழிச்சா போதும்.

இது பழகினதும் மார்க்கோவ் செயின், அதாவது இப்போ இருக்கிற சுரத்தை வெச்சு அடுத்ததோட வாய்ப்பை முடிவு பண்ற முறை. எந்தச் சுரத்துக்கு அப்புறம் எது வந்துச்சுன்னு எண்ணணும், அவ்வளவுதான். மேல இருக்கிறதுல க-வுக்கு அப்புறம் க, த, ச ஒவ்வொரு தடவை வந்திருக்கு, அப்போ மூணுக்கும் சம வாய்ப்பு. 1957-லயே ஹில்லர், ஐசக்சன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் இல்லியாக்ங்கிற கம்ப்யூட்டர்ல ஒரு ஸ்ட்ரிங் குவார்டெட்டுக்கு (நாலு தந்தி வாத்தியத்துக்கான இசைக்கு) இந்த முறையையும் பயன்படுத்தியிருக்காங்க. நீங்க எட்டு சுரத்துல நிறுத்தாம ஒரு நூறு சுரமாவது எண்ணுங்க, இல்லன்னா வந்ததே திரும்பத் திரும்ப வரும்.