ஜப்பானுக்குப் பள்ளிப் பரிமாற்றப் பயணம்: முதல்முறை போகும் மாணவர்களுக்கு ஒரு செய்முறை

பள்ளி மூலமாக வெளிநாடு போகும் பயணங்களில் அடிக்கடி நடக்கிற விஷயம் இது. காலையில் வகுப்பு, மாலையில் ஊர் சுற்றல் என்று அட்டவணை இரண்டாகப் பிரிந்துவிடும். வகுப்பில் கேட்டதற்கும் கோயிலில் பார்த்ததற்கும் ஒரு தொடர்பும் இருக்காது. திரும்பி வந்தபின் போன் நிறையப் போட்டோ இருக்கும், ஆனால் யாராவது கேட்டால் சொல்ல நாலு வரி வராது. ஜப்பான் போகும் மாணவர்களுக்கு அப்படி ஆகக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். புறப்படும் முன் ஒரே ஒரு கேள்வியைத் தேர்ந்தெடுத்து, வகுப்பு, தங்கும் வீடு, கோயில் என எல்லா இடத்துக்கும் அதைக் கூடவே கொண்டுபோக வேண்டும். மற்றதெல்லாம் இதற்குத் துணையான ஏற்பாடுகள்தான்.

படி 1: மாதத்தைப் பாருங்கள்

ஜப்பானில் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும். ஜூலைக் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை பெரும்பாலான பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை. அப்போது போனால் கட்டடத்தைத்தான் பார்க்க முடியும். நமக்கு விடுமுறையாக இருக்கும் மே மாதத்தில் அங்கே வகுப்பு நடக்கும், தொடக்கத்தில் வரும் ‘கோல்டன் வீக்’ விடுமுறையைத் தாண்டிப் போனால் போதும். தேர்வு செய்யும் வாய்ப்பு இருந்தால் நான் அக்டோபர் கடைசி அல்லது நவம்பர் தொடக்கத்தைச் சொல்வேன். காரணம் படி 6-இல் வருகிறது. ‘சகுரா சயின்ஸ்’ போன்ற ஜப்பானிய அரசுத் திட்டத்தில் தேர்வாகிப் போகிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை, தேதியை அவர்களே முடிவு செய்வார்கள்.

படி 2: தாள்களும் மருந்துப் பையும்

18 வயதுக்குட்பட்டவர்களின் பாஸ்போர்ட் பொதுவாக 5 ஆண்டுகளுக்கே செல்லும். சிறு வயதில் எடுத்தது காலாவதியாகியிருக்கலாம், அதை முதலில் பாருங்கள். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டும்.

மருந்து விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. 10 சதவீதத்துக்கு மேல் சூடோஎபிட்ரின் கலந்த மருந்துகளை ஜப்பானுக்குள் கொண்டுபோக அனுமதி இல்லை. சாதாரண சளி மாத்திரைகள் சிலவற்றில் இது இருக்கும். வீட்டில் இருக்கிறதை அப்படியே அள்ளிப் போடாமல், அட்டையின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள். தினசரி மருந்து எடுப்பவர்கள் டாக்டரின் சீட்டைக் கையோடு வைத்திருங்கள். அப்புறம், அங்கே மின்சாரம் 100 வோல்ட், பிளக் தட்டையான இரண்டு முள். நம் உருண்டை முள் நுழையாது, அடாப்டர் வாங்கிவிடுங்கள். அவசர எண்கள்: போலீசுக்கு 110, ஆம்புலன்சுக்கு 119.

படி 3: கேள்வியைத் தேர்ந்தெடுங்கள்

இதற்கு ஒரு வாரம் செலவழித்தாலும் தகும். “ஜப்பான் கலாச்சாரம்” என்பது கேள்வியே இல்லை. கேள்வி என்றால் ஒரு சிறுவனிடமும் கேட்க முடிய வேண்டும், ஒரு பாட்டியிடமும் கேட்க முடிய வேண்டும். “இந்த இடத்தை யார் சுத்தம் செய்கிறார்கள்?” என்பது நல்ல கேள்வி. பள்ளி, வீடு, ரயில் நிலையம், கோயில் எல்லாவற்றிலும் அதற்குப் பதில் கிடைக்கும்.

நான் இங்கே எடுத்துக்காட்டாக எடுத்துக்கொள்வது வேறொன்று: “அழிந்துபோனதை எப்படித் திரும்பக் கட்டுகிறார்கள், எதை அப்படியே விட்டுவைக்கிறார்கள்?” நிலநடுக்கம், தீ, போர் என எல்லாம் பார்த்த நாட்டில் இதற்குப் பதில் ஊருக்கு ஊர் மாறும்.

ஒரு சின்ன நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் கேள்வியைத் தமிழிலும், ஆசிரியர் உதவியோடு ஜப்பானிய மொழியிலும் எழுதிவையுங்கள். பேச்சு வராத இடத்தில் அந்தப் பக்கத்தைக் காட்டினாலே போதும்.

படி 4: தங்கும் வீடு

புறப்படும் முன்பே சாப்பாட்டைப் பற்றித் தெளிவாக எழுதி அனுப்புங்கள். “நான் சைவம்” என்று மட்டும் சொன்னால் போதாது. அங்கே மிசோ சூப், நூடுல்ஸ் குழம்பு, வேகவைத்த காய்கறி என்று பலவற்றுக்கும் அடிப்படை ‘தாஷி’ என்ற சாறு. அது பெரும்பாலும் உலர்த்திய மீனிலிருந்து எடுப்பது. தட்டில் மீன் துண்டு இல்லையே, இது சைவம்தானே என்று அந்த வீட்டு அம்மா உண்மையாகவே நினைப்பார். ஆகவே இப்படி எழுதுங்கள்: “இறைச்சி, மீன், முட்டை சாப்பிட மாட்டேன். மீனில் எடுத்த தாஷியும் வேண்டாம், கடற்பாசியில் எடுத்த தாஷி பரவாயில்லை. சோறு, டோஃபு, காய்கறி, பால், பழம் எல்லாம் சாப்பிடுவேன்.” கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். என்ன சமைப்பது என்று அவர்கள் திகைக்காமல் இருக்க அதுதான் உதவும்.

வாசலில் செருப்பைக் கழற்றுவது நமக்குப் பழக்கம்தான். ஆனால் உள்ளே போடக் கொடுக்கும் ஸ்லிப்பரோடு ‘தாதாமி’ பாய் விரித்த அறைக்குள் போகக்கூடாது. கழிப்பறைக்கெனத் தனி ஸ்லிப்பர் இருந்தால், வெளியே வரும்போது அதை அங்கேயே விட்டுவிட வேண்டும். குளியல் தொட்டி விஷயம் இன்னும் முக்கியம். தொட்டிக்கு வெளியே சோப்புப் போட்டு முழுதாகக் குளித்துவிட்டு, அதன்பின்தான் வெந்நீரில் இறங்க வேண்டும். அதே தண்ணீரில் வீட்டில் எல்லோரும் இறங்குவார்கள், அதனால் வெளியே வந்ததும் தொட்டித் தண்ணீரை வடித்துவிடாதீர்கள்.

சாப்பிட்டபின் நோட்டை எடுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால், அவர்கள் சின்ன வயதில் இந்த ஊர் எப்படி இருந்தது, இப்போது எது இல்லை என்று கேளுங்கள். எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத பதில்கள் அங்கேதான் கிடைக்கும்.

படி 5: பள்ளி

வாசலில் ஷூவைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு, பள்ளிக்குள் போடும் காலணிக்கு மாற வேண்டும். பாடம் புரியாவிட்டாலும் பரவாயில்லை. கணக்கும் அறிவியலும் கரும்பலகையைப் பார்த்தாலே பாதி புரியும். தவறவிடக்கூடாதது ‘சோஜி’ என்ற சுத்தம் செய்யும் நேரம். மாணவர்களே வகுப்பறையையும் நடைபாதையையும் துடைப்பார்கள். உங்களை விருந்தாளி என்று உட்கார வைத்தால், நீங்களாகவே துணியை வாங்கிக்கொண்டு அவர்களோடு சேர்ந்துவிடுங்கள். ஆங்கில வகுப்பில் தயங்கித் தயங்கிப் பேசும் மாணவர்கள் இந்த நேரத்தில்தான் தானாக வந்து பேசுவார்கள்.

உங்கள் ஊரைப் பற்றி 10 நிமிடம் பேசச் சொல்வார்கள். அதற்கும் அதே கேள்வியைப் பயன்படுத்துங்கள்: உங்கள் ஊரில் அழிந்து திரும்ப எழுந்தது எது? மாணவர்களின் முகம் தெரியும் படங்களை அனுமதி கேட்காமல் எங்கும் போடாதீர்கள்.

படி 6: ஊர் சுற்றல்

ரயிலுக்கு முதலில் கணக்குப் போடுங்கள். ஜப்பான் ரயில் பாஸ் (குறிப்பிட்ட நாட்களுக்கு ஒரே கட்டணத்தில் ரயிலில் போகும் சீட்டு) 2023 அக்டோபரில் கடுமையாக விலை ஏறிவிட்டது, சில ஊர்களுக்கு மட்டும் போவதானால் தனித்தனி டிக்கெட்டே மலிவாக இருக்கும்.

கியோட்டோவில் கின்ககுஜி கோயில். குளக்கரையில் தங்கமாக ஜொலிக்கும் இந்த மண்டபம் 1950-இல் தீவைத்து எரிக்கப்பட்டு, 1955-இல் பழைய வடிவிலேயே கட்டப்பட்டது. கூடவரும் ஜப்பானிய மாணவரிடம் “இது பழையதா, புதியதா?” என்று கேளுங்கள். இசே ஆலயத்தை 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை வேண்டுமென்றே புதிதாகக் கட்டுகிறார்கள் (கடைசியாக 2013-இல்) என்பதையும் சேர்த்துக் கேட்டால் பேச்சு நீளும்.

நாராவின் தோதாய்ஜி கோயிலில் சுமார் 15 மீட்டர் உயர வெண்கலப் புத்தர் இருக்கிறார். மண்டபம் இருமுறை எரிந்தது, இப்போதுள்ளது 1709-இல் முடிந்தது. புத்தரின் தலையும் பிற்காலத்தில் வார்த்ததுதான். 752-இல் இந்தப் புத்தருக்குக் கண் திறந்தவர் இந்தியாவிலிருந்து போன போதிசேனர் என்ற துறவி. அவர் பிடித்த தூரிகையில் நீண்ட கயிறுகள் கட்டி, கூடியிருந்தவர்கள் அவற்றைப் பிடித்துக்கொண்டார்கள். சிலைக்குக் கண் திறக்கும் சடங்கைக் கேட்டு வளர்ந்த நமக்கு, அந்தப் புத்தர் முன் நிற்கும்போது மனசு சிலிர்க்கும். அந்தக் காலத்து அரும்பொருள்கள் ஷோசோயின் கருவூலத்தில் காக்கப்படுகின்றன. அவற்றில் சிலவற்றை ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் நாரா தேசிய அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைப்பார்கள். நான் அக்டோபர், நவம்பர் என்றது அதற்காகத்தான்.

ஹிரோஷிமாவுக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள், அன்று வேறெதுவும் வேண்டாம். 1945 ஆகஸ்ட் 6 காலை 8.15-க்குக் குண்டு விழுந்த நகரம். அந்தக் குண்டில் சிதைந்து நின்ற டோம் (குவிமாடம்) கட்டடத்தை இடிப்பதா வைப்பதா என்று நீண்ட விவாதம் நடந்து, 1966-இல் நகர மன்றம் அப்படியே காப்பது என்று முடிவெடுத்தது. பக்கத்திலேயே 1958-இல் திறந்த குழந்தைகள் அமைதி நினைவுச்சின்னம். கதிர்வீச்சால் வந்த ரத்தப் புற்றுநோயில் 12 வயதில் இறந்த சடாகோ சசாகியின் நினைவாக, பள்ளிப் பிள்ளைகளே முன்னின்று பணம் திரட்டி எழுப்பியது. சடாகோ மடித்தது போன்ற காகிதக் கொக்குகளை ஊரிலேயே வகுப்பாகச் சேர்ந்து மடித்துக் கொண்டுபோனால் அங்கே வைக்கலாம். அருங்காட்சியகத்திலிருந்து வெளியே வந்ததும் யாரையும் உடனே பேசச் சொல்லாதீர்கள். எழுதுவதை மறுநாள் வைத்துக்கொள்ளலாம்.

படி 7: திரும்பி வந்தபின்

ஒரு வாரத்துக்குள் தங்கிய வீட்டுக்குக் கையால் கடிதம் எழுதுங்கள், ஒரு போட்டோவை பிரிண்ட் போட்டு உள்ளே வையுங்கள். நோட்டிலிருந்து உங்கள் கேள்விக்கான பதிலை இரண்டு பக்கமாக எழுதி, அங்குள்ள பள்ளிக்கும் அனுப்புங்கள். அடுத்து அவர்கள் உங்கள் ஊருக்கு வரும் முறை. எந்த வீட்டில் தங்குவார்கள், என்ன சாப்பிட மாட்டார்கள் என்று கேட்டு எழுதும் வேலையை அப்போதே ஆரம்பித்துவிடலாம். கூடவே, அவர்கள் கொண்டுவரும் கேள்வி என்ன என்றும் கேட்டுவையுங்கள்.